ஏழாவது படி வெள்ளகோவில்

எங்கள் வார்டில் ஒரு சமையலறை இருக்கிறது. அதில் யாரும் சமைப்பதில்லை. ஒரு மின்கெட்டில், ஒரு பால் பாட்டில், தேயிலைப் பைகள், நான்கு கோப்பைகள், அவ்வளவுதான். எண்பது வயதுக்கு மேல் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு எங்களிடம் நடை பழக வருகிறவர்கள் வீட்டுக்குப் போகலாமா, கூடாதா என்பதை அந்தக் கெட்டில்தான் முடிவு செய்கிறது. தானே தண்ணீர் பிடித்து, கொதிக்க வைத்து, கையைச் சுட்டுக்கொள்ளாமல் ஒரு டீ போட்டுக் காட்ட வேண்டும். ஜேனட் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குகிறவர், மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார். கை நடுங்கினாலும் பார்ப்பார், பால் சிந்தினாலும் பார்ப்பார், உதவ மட்டும் மாட்டார். எண்பத்து நான்கு வயதுப் பெண்மணிக்கு டீ போடுவதில் பரீட்சை வைக்கும் தேசம் இது என்று நம் ஊரில் போய்ச் சொன்னால், பெரியவர்களை இப்படியா வேலை வாங்குவார்கள் என்று என்னைத்தான் திட்டுவார்கள்.

வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு வருடமாகியும் அது முழுதாக மாறவில்லை என்பது, இரண்டு வாரத்துக்கு முன் டோரத்தி என்ற மூதாட்டிக்குப் பரீட்சை நடந்தபோது தெரிந்தது. வாக்கரைப் பிடித்தபடி வந்து, கெட்டிலில் தண்ணீர் பிடித்து, சுவிட்சைத் தட்டி, கொதித்ததும் தூக்கப் போனார். மணிக்கட்டு ஆடியது. நான் பக்கத்தில் இருந்தேன். வயதானவர் கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கும்போது வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க என் கைகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சட்டென்று வாங்கி ஊற்றிக் கொடுத்தேன். டோரத்தி நன்றி சொல்வார் என்று சிரித்தபடி நிமிர்ந்தால், அந்த அம்மாவின் முகம் சிவந்து போயிருந்தது. ஜேனட் தாளில் ஏதோ எழுதிவிட்டு, "அடுத்த வாரம் மறுபடி பார்ப்போம், டோரத்தி" என்றார். "உன்னால் என் வீடு ஒரு வாரம் தள்ளிப்போய்விட்டது, லவ்" என்றார் டோரத்தி என்னிடம். இந்த வெள்ளைக்கார நாட்டின் வட ஊர்க்காரர்கள் திட்டும்போதும் 'லவ்', அதாவது 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். நாம் பொய் சொல்லும்போதும் 'ங்க' போட்டுச் சொல்வதைப் போல.

இந்தக் கடைசி வரியை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. கோவையிலிருந்து இதைப் படிக்கும் உங்களுக்கும் வரலாம், வரட்டும். மரியாதையான பேச்சுக்கு நம் கொங்கு நாட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டே வளர்ந்தவள் நான். அந்த மரியாதையே ஒரு மனிதரை ஏமாற்றியதை என் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். என் கையாலேயே நடந்ததால்தான் இன்னும் ஆறவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். பிசியோதெரபி படித்து முடித்து, கோவையில் ஒரு சின்ன எலும்பு மருத்துவமனையில் சேர்ந்திருந்தேன். கணபதியில் எங்கள் வீடு. காலையில் டவுன் பஸ் ஏறினால் எட்டரைக்கு வேலையில் இருப்பேன். அந்தக் காலத்தில் பிசியோதெரபிஸ்ட் என்றால் 'மசாஜ் பண்ற புள்ளயா?' என்று கேட்பார்கள். அங்கேதான் ரங்கசாமி அய்யா வந்தார். வெள்ளகோவில்காரர், எழுபத்தெட்டு வயது, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். கடைக்குப் பின்னாலேயே வீடு. மனைவி போய்ச் சேர்ந்த பிறகும் தனியாகவே பொங்கித் தின்றுகொண்டு இருந்தவர், பஞ்சர் ஒட்ட உட்கார்ந்திருந்த பலகையிலிருந்து எழும்போது வழுக்கி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டார். கம்பி வைத்துத் தைத்து என்னிடம் அனுப்பினார்கள். முதல்முறை வாக்கரைக் கொண்டுபோய் முன்னால் வைத்ததும் அதை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இதுக்குப் பெடல் எங்கீங்க?"

"நீங்கதானுங்கய்யா பெடலு" என்றேன். சிரித்துக்கொண்டே எழுந்து நின்றவர், அன்றைக்கே நான்கு எட்டு வைத்தார். அப்படி ஒரு நோயாளி கிடைப்பது அபூர்வம். வலிக்கும்போது பல்லைக் கடிப்பார், என் கையை மட்டும் விட மாட்டார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. "என்ற ஊட்டுக்குப் போயிரோணுமுங்க. மத்தது எதுக்குமே ஆசையில்லீங்க" என்பார். மகன் மோகன் கோவையிலேயே மில் உதிரிபாக ஏஜென்சி வைத்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடித்த கைக்குட்டை, வாயைத் திறந்தால் தேன். "அப்பாவ நல்லா நடக்க வெச்சுப்போடுங்க சிஸ்டர், உங்களுக்குக் கோடிப் புண்ணியமுங்க" என்பார்.

நோயாளி போகப்போகும் வீட்டில் எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அதே மாதிரி பழக்க வேண்டும் என்பது எங்களுக்குப் பாடம். மோகனைக் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "ஏழு படிங்க. வலது பக்கம் கைப்பிடி இருக்குதுங்க" என்றார். குறித்துக்கொண்டேன். மருத்துவமனையின் பின்பக்க மாடிப்படியில் முதல் திருப்பம் வரைக்கும் சரியாக ஏழு படி இருந்தது. கடவுள் கணக்குப் போட்டுக் கட்டினதுபோல இருக்கிறது என்று நானே சந்தோஷப்பட்டேன். அய்யாவைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியதும் அவர் படிகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"எங்கூட்டுக்கு மூணு படிதானுங்க அம்மணி. கருங்கல்லுப் படி. கைப்பிடியெல்லாம் எங்கீங்க இருக்குது? கதவு நெலவுல கையூனி ஏறிக்குவேன்."

நான் மறுநாள் மோகனிடம் கேட்டேன். கேட்கவில்லை என்று என்னை யாரும் குறை சொல்ல முடியாது. அவர் குரலைத் தணித்துக்கொண்டு, "அது பழைய படிங்க. மாத்திக் கட்டியாச்சுங்க. அப்பாவுக்கு ஆப்பரேசனுக்கப்பறம் கொஞ்சம் நெனப்புத் தப்புதுங்க" என்றார். மயக்க மருந்து கொடுத்த வயதானவர்களுக்கு அப்படி ஆவதுண்டு, புத்தகத்திலேயே இருக்கிறது. மகன் பொய் சொல்வார் என்று புத்தகத்தில் இல்லை. நான் கேஸ் ஷீட்டை எடுத்து, அய்யாவின் பெயருக்குக் கீழே, படிகள் விஷயத்தில் 'கன்ஃபியூஸ்டு' என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்தேன். அவரிடம் போய், "சரிங்கய்யா, மூணுன்னாலும் ஏழு பழகிக்கிட்டா நல்லதுதானுங்க" என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னேன்.

ஏழு படியும் ஏற வைக்க நான் ஒரு வித்தை செய்தேன். அதில் எனக்குத் தலைக்கனமே இருந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு பஸ் நிறுத்தத்தின் பெயர் வைத்தேன். முதல் படி சிங்காநல்லூர். இரண்டாவது சூலூர். அப்புறம் காரணம்பேட்டை, பல்லடம், பொங்கலூர், காங்கேயம். ஏழாவது படி வெள்ளகோவில். இரண்டாவது நாளே அவர் கண்டக்டராகிவிட்டார். கைப்பிடியைத் தட்டி, "பல்லடம் எறங்கறதெல்லாம் எறங்குங்க" என்று சத்தம் போடுவார். காங்கேயத்தில் நின்று மூச்சு வாங்குவார். "வண்டி சூடாயிருச்சுங்க அம்மணி, தண்ணி ஊத்தோணும்" என்பார். ஒரு நாள் வெள்ளகோவில் படியில் ஏறி நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வந்துபோட்டனுங்க" என்றார். ஏழு படியும் யார் பிடியும் இல்லாமல் ஏறி இறங்குகிறார் என்று நான் கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கடிதத்தை மோகன் இரண்டு முறை கேட்டு வாங்கினார். டிஸ்சார்ஜ் நாளில் எனக்கு ஒரு கிலோ மைசூர்பாகு பெட்டி. அய்யா காரில் ஏறும்போது, "நம்மூட்டுப் பக்கம் வந்தீங்கன்னா கட்டாயம் வரோணுமுங்க" என்றார். வாரேனுங்க என்றேன். அந்த மைசூர்பாகை நாங்கள் வீட்டில் மூன்று நாள் வைத்துத் தின்றோம்.

இரண்டு மாதம் கழித்து, என்னோடு வேலை பார்த்தவளின் கல்யாணம் வெள்ளகோவிலில் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும், சொன்ன வாக்குப்படி அய்யாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். சைக்கிள் கடை இல்லை. கடைக்குப் பின்னால் வீடும் இல்லை. இடித்த மண்ணும் ஓட்டுச் சில்லும் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. நடுவில் மூன்று கருங்கல் படி மட்டும், ஏறினால் எங்கும் போகாமல், வெயிலில் நின்றது. எதிரில் டீக்கடை வைத்திருந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"ரங்கசாமியண்ணனயா தேடறீங்க? அவரு ஆஸ்பத்திரில இருக்கறப்பவே பையன் ஊட்ட வித்துப்போட்டானுங்களே. கோயமுத்தூருல ஏதோ வயசானவங்க ஹோமாமா, அங்க கொண்டுபோயி உட்டுட்டாங்களாமா. தெரியாதுங்களா?"

அந்த மூன்று படியையும் நான் எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். மூன்றுதான். மாற்றிக் கட்டவும் இல்லை, ஒன்றும் இல்லை.

விசாரித்துக்கொண்டு அந்த இல்லத்துக்கு அடுத்த வாரமே போனேன். ஊருக்கு வெளியே, மரங்கள் எல்லாம் நட்டு சுத்தமாகத்தான் இருந்தது. வாசலில் நின்று படிகளை எண்ணினேன். ஏழு படி. வலது பக்கம் இரும்புக் கைப்பிடி. அலுவலகத்தில் இருந்த பெண் பெருமையாகவே சொன்னார்: "படுத்த படுக்கையா இருக்கறவங்கள நாங்க எடுக்கறதில்லீங்க. தானா படியேறி வாரவங்கதான். டாக்டரோ பிசியோவோ லெட்டர் குடுக்கோணும்." என் கடிதம் அந்தக் கோப்பில் இருந்தது. என் கையெழுத்தை நானே பார்த்தேன். நான் அவரை நடக்க வைத்தது வீட்டுக்குப் போக அல்ல. அவரை ஒருவர் தள்ளிவிட வேண்டியிருந்தது, அதற்கு அவருக்குக் கால் தேவைப்பட்டது. அந்தக் காலை நான் செய்து கொடுத்திருக்கிறேன்.

அய்யா உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாக்கரைப் பிடித்து, நான் பழக்கினபடியே, இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார். அவர் திட்டியிருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாக இருந்திருப்பேன்.

"வாங்க அம்மணி. உக்காருங்க. சரியா ஏழு படிதானுங்க. அளந்து வெச்ச மாரிப் பழக்கி உட்டிருக்கறீங்க."

"அய்யா, சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

"இருக்கட்டுமுங்க. அவன் சொன்னான், நீங்க செஞ்சீங்க." பெஞ்சில் திரும்ப உட்கார்ந்துகொண்டு, "ஆனா நாந்தான் சொன்னனுங்களே, மூணு படின்னு" என்றார்.

 காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக வாங்கி வரச் சொன்னார். குடித்தேன். வீட்டுக்கு வந்து மோகனுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்ததைக் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க லெட்டராலதானுங்க சேத்துக்கிட்டாங்க. ரொம்ப நன்றிங்க" என்றார். ஒரு 'ங்க' குறையவில்லை.

கணவருக்கு இங்கே வேலை கிடைத்து இரண்டு வருடங்களுக்கு முன் வந்தபோது, அந்தக் கோபத்தையும் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுவந்தேன். என் படிப்பை ஒப்புக்கொள்ள இவர்கள் ஒரு வருடம் எடுத்துக்கொண்டார்கள். அதுவரை உதவியாளராக வாக்கர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் டோரத்தியை அழைத்துக்கொண்டு ஜேனட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன். இங்கே அதற்கு 'ஹோம் விசிட்' என்று பெயர். நோயாளியை அனுப்பும் முன்பே அவரையும் கூட்டிப்போய் வீட்டைப் பார்ப்பார்கள். டோரத்தியின் மகன், வாசலில் நான்கு படி என்று போனிலேயே சொல்லியிருந்தார். ஜேனட் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாரே தவிர, வாசலில் இறங்கியதும் ஈரத்தில் மண்டியிட்டு, டேப்பை எடுத்து ஒவ்வொரு படியாக அளந்தார். நான்கல்ல, ஐந்து. அந்த மகன் பொய் சொல்லவில்லை, ஒன்றை எண்ண மறந்திருந்தார், அவ்வளவுதான். நான் வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். டோரத்தி ஜேனட்டிடம், "அந்தப் பெண்ணுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது" என்று சொன்னது காதில் விழுந்தது. மகன் வார்த்தையை நம்பாமல் டேப்பை நம்புகிற இந்த ஊரை நம் ஆட்கள் அன்பில்லாத ஊர் என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அந்த டேப் என்னிடம் அன்றைக்கு இருந்திருந்தால், வெள்ளகோவிலுக்கு ஒரு பஸ் ஏறிப் போயிருந்தால் என்று நினைத்தால் அழுகைதான் வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நான் போகவில்லை.

இவ்வளவும் பழைய கதை என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். போன மாதம் என் அம்மா குளியலறையில் விழுந்துவிட்டார். இடுப்பெலும்புதான். ஆப்பரேஷன் முடிந்து மூன்று வாரமாக மருத்துவமனையில் இருக்கிறார். அண்ணன் போனில், "நல்லாத்தான் இருக்குது, நீ பயந்துக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நேற்று முன்தினம் மருத்துவமனைக்கே போன் போட்டு, அம்மாவுக்கு நடை பழக்கும் பெண்ணைக் கேட்டு வாங்கிப் பேசினேன். சின்னக் குரல். நானும் இதே வேலைதான் என்றதும் மரியாதை இரண்டு மடங்காகிவிட்டது.

"அம்மா நல்லா கோவாப்பரேட் பண்றாங்க மேடம். இன்னிக்குப் பத்துப் படி ஏறிட்டாங்க. பதினாலும் ஏறிட்டாங்கன்னா அனுப்பிரலாமுங்க."

"எதுக்கும்மா பதினாலு?"

"உங்க ஊட்டுக்குப் பதினாலு படின்னு அண்ணன் சொன்னாருங்களே."

கணபதியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு படி. பதினாலு என்பது வெளிப்பக்கமாக மாடிக்குப் போகும் படி. பள்ளிக்கூட நாளில் அதில் உட்கார்ந்துதான் நான் படிப்பேன், ஒவ்வொன்றும் தெரியும். மேலே அண்ணன் குடும்பம், கீழே அம்மா. அப்பா கட்டிய அந்தக் கீழ் வீட்டில், தெருவைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுப் பேசுவதுதான் அம்மாவின் மொத்த உலகம்.  "அம்மா என்ன சொல்றாங்க? எத்தனை படிங்கறாங்க?" என்று கேட்டேன்.

"அம்மா ரெண்டுன்னுதான் சொல்லிக்கிட்டே இருக்காங்க மேடம்." அந்தப் பெண் குரலைத் தணித்துக்கொண்டாள். "கொஞ்சம் கன்ஃபியூஸ்டா இருக்காங்க."

அந்தப் பெண்ணை நான் கோபித்துக்கொள்ளவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கோபிப்பேன்? "எங்கம்மா கொழம்பல, கண்ணு. அவங்க சொல்றதுதான் சரி. அவங்க ஊட்டுக்கு ரெண்டு படிதான். கேஸ் ஷீட்டுல எழுதியிருந்தா அடிச்சுப்போடு" என்று மட்டும் சொன்னேன். பிறகு அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் ஒளிக்கவில்லை. அவருடைய லேத் பட்டறைக்கு ஆர்டர் நிறைய வருகிறதாம். கீழ் வீட்டில் ஒரு சுவரை எடுத்துவிட்டு இரண்டு லேத் போட்டாயிற்றாம். அம்மாவின் கட்டிலை மேலே ஏற்றியாயிற்றாம். "மேல எங்ககூடவே இருக்கட்டும். கீழ தனியாக் கெடந்துதான உழுந்துச்சு? நாம்பளே பாத்துக்கலாமில்ல?" என்றார்.

"அம்மாகிட்டச் சொன்னியாண்ணா?"

"வந்து பாத்தாத் தெரியப்போவுது. இப்பச் சொன்னா நடக்கமாட்டேன்னு மொரண்டு புடிக்கும்."

"இறங்கி வர முடியாதுண்ணா. மேல ஏத்துனா அதோட சரி. ரெண்டு படி ஏறலாம்னு நம்பித்தான் அம்மா நடக்குது."

 என் அண்ணன் ஒன்றும் மோகன் இல்லை, அது எனக்குத் தெரியும். அம்மாவை அவர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார், மூன்று வாரமாக மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைகிறார். அதனால்தான் அவர் அடுத்துக் கேட்டதில் நியாயம் இருந்தது. "நீ வந்து பாத்துக்கறயா, சொல்லு. இன்னைக்கே லேத்தத் தூக்கி வெளில போட்டர்றேன். வாரயா?"

வாரேன் என்ற சொல்லை நம் ஊரில் போகும்போதும் சொல்வோம். அதுகூட என் வாயில் வரவில்லை. போனை வைத்துவிட்டேன்.

இன்று மதியம் எங்கள் பயிற்சி அறையில் யாரும் இல்லை. அங்கே மரத்தில் செய்த ஒரு படிக்கட்டு உண்டு. ஒரு பக்கம் நான்கு படி ஏறி, மறுபக்கம் நான்கு படி இறங்க வேண்டும். நான் ஏறினேன், இறங்கினேன், திரும்பி ஏறினேன். ஏறும் படிகளை மட்டும் எண்ணினேன். பன்னிரண்டு முடிந்து, பதின்மூன்று, பதினாலு என்று வந்தபோது படிக்கட்டின் பாதியில் நின்றுகொண்டிருந்தேன். கைப்பிடியைப் பிடித்தபடி, அம்மாவின் இடுப்பு இந்த இடத்தில் எப்படி வலிக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் டோரத்தி வாக்கரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டீ பரீட்சையில் தேறிவிட்டார், வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகிறார். முகமெல்லாம் அந்த வெள்ளிக்கிழமைதான்.

"மாட்டிக்கொண்டாயா, லவ்?"

"இல்லை. படிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். பதினாலு."

"என் வீட்டுக்கு ஐந்துதானே! நீங்கள்தானே அளந்தீர்கள்?" பயந்துபோய் என்னைப் பார்த்தார். "பதினாலு யாருடைய வீடு?"

"ஐந்துதான், டோரத்தி. உங்கள் வீட்டுக்கு ஐந்துதான்" என்றேன்.  பாதிப் படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.